குத்தூசி

சம்மாந்துறை ஆலையில் எனக்குப் பெயர் சுவிஸ்.
பவளேந்திரன் என்பது சம்பளப் புத்தகத்தில் மட்டும்.
நாலு மாரி அங்கே இருந்தேன்,
கம்பியில் தொங்கும் கதிரைகள் மலையேறுகிற இடத்தில்
படிகளுக்கு உப்புப் போடும் வேலை.
அகதி மனு மூன்றாந்தரமும் விழ
வீரமுனைக்குத் திரும்பி வந்து
நெல் மூட்டை எண்ணுகிறேன்.

பனி எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு
ஐஸ்பெட்டியின் மேல்தட்டைக் காட்டுவேன்.
அதோடு விட்டுவிடுவார்கள்.

சொல்லாதது இது:
பனி ஒரே நாளில் விழுந்ததல்ல.
ஒரு கிழமை விழும். வெயில் படும். காற்று தேய்க்கும்.
அதன்மேல் இன்னொன்று விழும்.
பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம்போல
ஒரே கூரையின்கீழ் அடுக்கடுக்காய்க் கிடக்கும்.
மேலே நடப்பவனின் பாரம்
அந்தப் பேசாத இடத்தில் போய் இறங்கும்.
வூம் என்று ஒரு சத்தம்,
மாடு படுக்கும்போது விடுகிற மூச்சு மாதிரி.
அதைக் கேட்டால் திரும்பிவிட வேண்டும்,
ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு.

மார்சலுக்குக் கேட்டிருக்கும்.
ஆனால் முந்தின நாள் மூன்று பேர் போன தடம்
சரிவின் குறுக்கே அழகாகக் கிடந்தது.
தடம் என்றால் வழி என்று நம்பிவிட்டான்.

நாங்கள் வரிசையில் நின்றோம், தோளோடு தோள்.
ஓரடி, குத்து. ஓரடி, குத்து.
நீளக் கம்பி கல்லில் பட்டால் கணீர்.
மண்ணில் பட்டால் மொத்து.
மற்றது எப்படியிருக்கும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
கை அறிந்துகொண்டது.

இங்கேயும் என் கையில் ஒரு கம்பிதான்.
சாக்கில் குத்தி இழுத்தால்
பத்து மணி நெல் உள்ளங்கையில் விழும்,
ஒன்றைக் கடித்து ஈரம் சொல்வேன்.
பிழையில்லாத வேலை.
சில நாள் மட்டும்
சாக்கு மெத்தென்று இடம்கொடுக்கும்போது
குத்தூசியை வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

மாசியில், பெரும்போக அறுவடைக்குள் மழை.
ஈர நெல் வேண்டாம் என்றேன், வாங்கினார்கள்.
இருபதடித் தொட்டியில் மேல்நெல் இறுகிப் பொருக்காயிற்று.
கீழ்வாயைத் திறந்தால்
கொஞ்சம் கொட்டி நின்றுவிட்டது.
கொட்டிய அளவுக்கு உள்ளே வெறுமை இருக்கிறதே,
அதை லொறிக்காரன் பார்க்கவில்லை.
இத்ரீஸ் முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.
சஃப்வான் உலக்கையோடு ஏணியில் ஏறினான்.
"நேத்தும் நான்தானே மேல நிண்டு உடைச்ச."

நேற்று.
அந்தத் தடம்.

எந்தப் பாஷையில் கத்தினேன் என்று
இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
'ஹால்ட்' என்றேனாம்.

மோட்டரை நிறுத்த வைத்தேன்.
கீழ்வாயை மூட வைத்தேன்.
லொறியில் தார்ப்பாய் கட்டும் கயிற்றை அவிழ்த்து
அவன் நெஞ்சைச் சுற்றி முடிந்து
வளையில் ஒரு சுற்றுப் போட்டு
இரண்டு பேரைப் பிடிக்க வைத்தேன்.
உள்ளே இறங்காதே, ஏணியில் நின்றே குத்து.

"என்னகா சுவிஸ், நெல்லுக்குமா பயம்?"

நெல்லுக்குத்தான்.
அதுவும் முப்பத்தைந்து பாகையில்தான் சரியத் தொடங்கும்.
அதுவும் வாயையும் மூக்கையும்தான் முதலில் தேடும்.
சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குத்தினான். பொருக்கு அப்பளம்போல் வெடித்தது.
ஒரு முழம் இறங்கியது. தூசி எழும்பியது.
இரண்டு தும்மல்.
அவ்வளவுதான்.

லொறி ஒரு மணித்தியாலம் பிந்திப் போனது.
எனக்கு அரைநாள் சம்பளம் போனது.
அந்த மலையில் இப்படியான நாளின் முடிவில்
பதிவுப் புத்தகத்தில் ஒரு சொல் எழுதுவோம்:
ஒன்றுமில்லை.
எழுதியவன் பேனையை மூட
கொஞ்சம் நேரமெடுப்பான்.

லொறிக்காரன் தன் கயிற்றைக் கொண்டுபோய்விட்டான்.
பின்னேரம் கடைத்தெருவில்
பன்னிரண்டு முழம் நைலோன் கயிறு வாங்கினேன்,
விரலளவு மொத்தம்.
கடைக்காரர் இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்,
"மாட்டுக்கா?"

ஓம் என்றேன்.